பதின்மூன்றாவது வீச்சு

அன்று அந்த நிலத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். சதுரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த அவர். படிவமும் பென்சிலும் பிடித்திருந்த நான். தோட்டத்தின் சார்பில் குடையோடு நின்ற கிளாக்கர் ஐயா. எங்களுக்குத் தண்ணீரும் கத்தியும் தூக்கிவர அனுப்பப்பட்ட இரண்டு பெண்கள். ஒருவர் பார்வதி அக்கா, மற்றவர் என் அம்மாவின் தங்கை, சித்தி. வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட தோட்டத்துத் தொரை வரவில்லை. அதில் ஆறு குழி தோண்டி மாணிக்கக்கல் எடுத்த முதலாளி வரவில்லை. குழிகளை மூடிவிட்டோம் என்று சொல்லிக் கூலி வாங்கிப்போன ஆட்களில் ஒருவன்கூட வரவில்லை.

குருவிட்டவிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனில், ஆற்றுப் பக்கமாக ஐம்பது பேர்ச், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அதைத்தான் அளக்க வந்திருந்தோம். ஏ.எல். பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சப் புள்ளிகள் குறைந்து நான் வீட்டில் இருந்த காலம். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். உயிரியல் படித்திருக்கிறேன், சிங்களமும் தமிழும் எழுதுவேன் என்பதால் கல்குழி மூடிய நிலங்களில் செடிகொடி எவ்வளவு வந்திருக்கிறது என்று கணக்கெடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. அவர் அதிகாரி. நான் எழுதுகிறவன். எட்டு மாதம் அவரோடு அலைந்தேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் லயத்துப் பெண்கள் வைத்த பெயர் போதும். சதுர ஐயா.

அந்தச் சதுரம் வெள்ளைத் தண்ணீர்க் குழாயில் செய்தது. நாலு பக்கமும் ஒவ்வொரு மீட்டர். பத்துப் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்பு வளையம், குறுக்கும் நெடுக்கும் நீல நைலோன் கயிறு. பஸ்ஸில் மாலைபோல அதைப் போட்டுக்கொண்டு ஏறுவார். கேகாலை பஸ்ஸில் ஒரு தடவை கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டான். வேடிக்கைக்குத்தான் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்காமல் காசை எண்ணிக் கொடுத்து, டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐந்தடி மூன்றங்குல ஆள். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். அட்டை ஏறாமலிருக்கக் கால் முழுக்கச் சவுக்காரம் தேய்த்திருப்பார். வெயில் ஏறினால் சவுக்கார வாசம்தான் அவருடைய வாசம்.

வேலை இதுதான். நிலத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தோளுக்கு மேலாகச் சதுரத்தைப் பின்னால் வீச வேண்டும். எங்கே விழுகிறதோ அங்கே உட்கார்ந்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செடியையும் பெயரோடு எழுதி, நூற்றுக்கு எவ்வளவு தரையைப் பச்சை மூடியிருக்கிறது என்று போட வேண்டும். ஒரு நிலத்துக்கு இருபது வீச்சு. சராசரி எழுபத்தைந்துக்கு மேலே வந்தால் நிலம் தேறியது. கண்ணை மூடி வீசுவதில் பொய் இல்லை என்று அவர் சொல்வார். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

ஒரு நாள் ஓர் இடத்தில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பசுமாடு ஒன்று வந்து சதுரத்துக்குள் வாயை வைத்தது. நான் விரட்டப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். மாடு சாவகாசமாகத் தின்றது. பாதிப் பச்சை போனது. அது நகர்ந்த பிறகு குனிந்தார்.

"முதல்ல எண்பது இருந்திச்சே சேர். அதப் போடவா?"

"இப்ப என்னா இருக்கு?"

"நாப்பது இருக்கும்."

"அப்ப நாப்பது. இதுக்கு வெளிய நமக்கு வேலையில்ல தம்பி. மாடு வெளிய இருந்து வந்தது, வெளிய போயிருச்சு."

அன்று இரவு வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எவ்வளவு நேர்மையான மனுசன் என்று அம்மாவிடம் பெருமையாகவும் சொன்னேன். சித்தி மட்டும், "மாட்டுக்காரனுக்கு நல்ல காலம், கணக்குல ஏறல" என்றாள்.

நேர்மை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். இன்னொரு நிலத்தில் கல் முதலாளியின் ஆள் ஒருவன் தடித்த கவர் ஒன்றைக் கொண்டுவந்தான். இவர் எண்ணிக்கொண்டிருந்த சதுரத்தைக் காட்டி, "இதுக்குள்ள வச்சீங்கன்னா எழுதியாகணும். 'கவர் ஒன்று, தாவரமல்ல'ன்னு தம்பி எழுதுவாரு. வைக்கிறீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அவன் கவரோடு போய்விட்டான். எந்த நிலத்திலும் ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்ததில்லை. ரம்புட்டான் காலத்தில் ஒரு வீட்டுக்காரி பை நிறையக் கொடுத்தாள். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் லயத்தில் பிறந்து, பால்வெட்டும் தாயிடம் வளர்ந்தவர் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நம் லயத்தில் பிறந்த ஒருவர் இப்படி ஆகலாம் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு விரிந்தது. அவரைப் போல நானும் மணிக்கட்டுவரை பொத்தான் போட ஆரம்பித்தேன்.

அந்தக் கோலம் எனக்கு முதலில் கசந்தது ஒரு சோதனைச் சாவடியில். இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, என்னை மட்டும் இறக்கினார்கள். தமிழ் இளைஞனை இறக்குவது அந்த நாட்களில் புதினமில்லை. அவரும் தமிழர்தான். ஆனால் அவரிடம் அலுவலக அட்டை இருந்தது. நான் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். 'இவர் என்னோடு வேலை செய்கிறவர்' என்று ஒரு வார்த்தை போதும், அதுவும் அவருக்கு நல்ல சிங்களத்தில் வரும். மடியில் சதுரத்தை வைத்துக்கொண்டு அதன் கயிற்றை நேராக்கிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. மூன்று மணி நேரம் கழித்து என்னை விட்டார்கள். நடந்தும் வேறு பஸ்ஸில் ஏறியும் வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் பையைப் பத்திரமாக வைத்திருந்தார். வருகைப் புத்தகத்தில் எனக்கு எதிரே 'அரை நாள்' என்று எழுதியிருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சேர்."

"அவங்க என்னக் கேக்கலியே தம்பி. கேட்டிருந்தா உள்ளதச் சொல்லியிருப்பேன்."

கேட்டால் உள்ளதைச் சொல்கிற மனிதர். கேட்காவிட்டால், பக்கத்தில் வீடு எரிந்தாலும் எண்ணிக்கொண்டிருப்பார்.

இன்னொரு பழக்கம் உண்டு. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படிவத்தின் கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். கணக்கு முடிந்ததும் அந்த இடத்தில் அடிமட்டத்தை வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு கிழிப்பார். வெற்றிடம் விட்டால் அலுவலகத்தில் யாராவது பின்னால் எதையாவது சேர்த்து நிலத்தைத் தேறவைத்துவிடுவார்கள், அல்லது விழுத்திவிடுவார்கள் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். பிறகு அந்தக் கோட்டைக் கிழிக்கும் வேலையும் எனக்கு வந்தது. அழகாகக் கிழிப்பேன்.

இப்போது எங்கள் நிலத்துக்கு வருகிறேன்.

அந்த ஐம்பது பேர்ச் தேறினால் லயத்தில் ஏழு குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் என்று தோட்டம் எழுதிக் கொடுத்திருந்தது. ஏழு பேர்ச் என்றால் ஒரு சின்ன வீடும், கொஞ்சம் மரக்கறிப் பாத்தியும். நாலு தலைமுறையாகப் பத்துக்குப் பன்னிரண்டு லயத்து அறையில் படுத்து எழும்புகிறவர்களுக்கு அது என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. அந்த ஏழில் ஒன்று சித்திக்கு. தேறாவிட்டால் நிலம் தோட்டத்துக்கே போய்விடும், இன்னொரு எலெக்சன் வரும்வரை பேச்சே இல்லை. என் வீட்டு ஆட்களும் அதில் இருக்கிறார்கள் என்று அவரிடம் முன்பே சொன்னேன். "வீசுறது நான்தான். எழுதுறதுதான் நீங்க. அதுல ஒண்ணும் பிழையில்ல" என்றார்.

நிலத்தில் புல் நன்றாகத்தான் வந்திருந்தது, ஆறு வட்டங்களைத் தவிர. குழி இருந்த இடங்கள். அங்கே கழுவிக் கொட்டிய சரளை கலந்த மண், புல் பிடிக்கவில்லை. அதை மறைக்க எங்கள் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். அளக்க வருகிறார்கள் என்று தெரிந்த கிழமை, தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு, லயத்தின் பின்புறக் கோடிகளில் இருந்த வத்தாளைக் கிழங்குக் கொடியை எல்லாம் அறுத்து, கூடை கூடையாகச் சுமந்து, அந்த வட்டங்களில் நட்டு, ஆற்றுத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அவர்களே நினைத்தார்கள், அவர்களே செய்தார்கள். காணியைத் தோற்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் மனதில். மண் கொஞ்சம் பதிகிறதே என்று பார்வதி அக்கா சொன்னாளாம். "புது மண்ணு, மழ பேஞ்சா இறுகிக்கும்" என்று சித்தி சொன்னாளாம்.

அன்று சதுரத்தைக் கண்டதும் பார்வதி அக்கா ஆரம்பித்தாள்.

"ஏங்கய்யா, இந்தக் குழாய்க்குள்ளயா எங்க காணி அடங்கப் போவுது?"

"இருபது தடவ வீசுவோம்மா."

"வீசுறது வீசுறீங்க, நல்ல பச்சையா பாத்து வீசுங்க. கண்ண வேற மூடிக்கிறீங்களாமே, சாமியாடுற மாதிரி."

கிளாக்கர் ஐயா குடைக்குள் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவை சதுரம் பறக்கும்போதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு வீச்சு புல்லிலும் தொட்டாச்சுருங்கியிலும் விழுந்தது. பதின்மூன்றாவது வீச்சு வத்தாளையில் விழுந்தது. குந்தியிருந்து பார்த்தேன். அறுத்த முனைகள் காயவில்லை. இலைகள் பாதி சோர்ந்திருந்தன. எந்தக் குழந்தைக்கும் தெரியும், நட்டு மூன்று நாள்கூட ஆகாது. தலையைத் தூக்கினேன். சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் கெஞ்சவில்லை. 'நீ படிச்சவன், பார்த்துக்க' என்பது போல ஒரு பார்வை.

அப்போதுதான் ஒரு காலை ஊன்றி எழப் போனேன். தரை அசைந்தது. மெத்தையில் மிதித்த மாதிரி அமுங்கி மேலே வந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் குலுங்கும் சத்தம்.

"சேர், கீழ அசையுது."

"என்னா?"

"தரை. இது மண்ணு போட்டு மூடினது இல்ல சேர். உள்ள கோறை, வெறும் பொந்து."

அவர் அந்த இடத்தை மிதித்துப் பார்க்கவில்லை. சதுரத்திலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

"அசையிறத எழுதுறதுக்குப் படிவத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல சேர்."

"செடி உயிரோட இருக்கா?"

"இப்போதைக்கு இருக்கு. இத நட்டு..."

"எப்ப நட்டதுன்னு கேட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப என்னா எழுதணும்?"

வத்தாளை, நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதினேன்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்கமாட்டேன். நிம்மதி. இவ்வளவு நேர்மையான ஆளே சரி என்கிறார், நான் பொய் சொல்லவில்லை, சித்திக்குக் காணியும் கிடைக்கும். உண்மையும் நம் பக்கம், காணியும் நம் பக்கம். இருபது வீச்சும் முடிந்தது. சராசரி எண்பத்தொன்று. 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் இரண்டு வரி வெறுமையாக இருந்தது. 'குழிகள் நிரப்பப்படவில்லை' என்று எழுத ஒரு வரி போதும். அவர் அடிமட்டத்தை நீட்டினார். நான் மூலைக்கு மூலை கோடு கிழித்தேன்.

பார்வதி அக்கா கேட்டாள், "தேறிருச்சாங்கய்யா?"

"காகிதம் மேல போகணும்மா."

"அய்யா மொகத்துல ஒண்ணுமே தெரியலியே. வீட்டுக்காரி பாவம்."

சித்தி அப்போதுதான் சிரித்தாள்.

குழிகளை மூடுவதற்கு ஈடாகக் கட்டியிருந்த வைப்புப் பணம் முதலாளிக்குத் திரும்பியது. நிலம் ஏழாகப் பிரிந்தது. சித்தியின் துண்டில்தான் அந்தப் பதின்மூன்றாவது வீச்சு விழுந்த வட்டம் வந்தது. கொடி நன்றாகப் பிடித்துவிட்டது. அடர்ந்து ஓடியது. ஏமாற்றுக்கு நட்டது கிழங்கு வைத்துவிட்டது என்று லயமே பகிடி பண்ணியது. "சதுர ஐயாவுக்கு ஒரு கிலோ அனுப்பணும்டி" என்று பார்வதி அக்கா சொல்வாள். "அவரு திங்கமாட்டாரு, எண்ணத்தான் செய்வாரு" என்பாள் சித்தி.

மழை பிடித்த இரண்டாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிழங்கு தோண்டப் போனாள். பார்வதி அக்கா பத்தடி தள்ளி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியபோது கொடியும் இல்லை, சித்தியும் இல்லை, ஒரு வட்ட ஓட்டை இருந்தது என்று சொன்னாள். அந்த ஒரு வசனத்தைத்தான் பொலிசிலும் சொன்னாள், மரண விசாரணையிலும் சொன்னாள்.

பக்கத்துக் கிராமத்துக் கல்குழி ஆட்கள் வந்து இறங்கினார்கள். சிங்களவர்கள். தண்ணீரை இறைத்து, கட்டை கொடுத்து, இரண்டு நாள் வேலை செய்து சித்தியின் உடலை எடுத்தார்கள். பிளேன் டீயைத் தவிர ஒரு சதம் வாங்கவில்லை. குழியின் வாயில் ரப்பர்க் கட்டைகளைக் குறுக்கே போட்டு, அதன் மேல் வாழைத்தண்டும் காட்டுச் செத்தையும் பரப்பி, அதற்கு மேலே ஒன்றரை முழம் மண். அவ்வளவுதான். கீழே நாற்பது அடி தண்ணீர். முதலில் மேலே ஏறி வந்த ஒரு வயதாளி என் தோளைப் பிடித்து, "வல புரவலா நே, மல்லி" என்றார். குழியை நிரப்பவே இல்லை தம்பி என்று. அது எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன்பே என் பாதத்துக்குத் தெரியும்.

சித்தியின் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவர் எழும்பி நின்றார். விசயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, கடவுள் சாட்சியாக, அலுமாரியைத் திறந்து எங்கள் நிலத்தின் கோப்பை எடுத்தார்.

"எந்த இடத்துல?"

"பதிமூணு."

விரல் வைத்துத் தேடினார். "வத்தாள. தொண்ணூறு." என்னைப் பார்த்தார். "உங்க எழுத்துத்தான். எண்ணிக்கையில பிழையில்லையே தம்பி."

"நான் அன்னைக்குச் சொன்னேன் சேர். கீழ அசையுதுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த மேசையைப் புரட்டியிருப்பேன். ஞாபகம் இருக்கிறதாம். அப்படி ஒரு வசனத்தை எட்டு மாதம் மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு தடவை வந்து மிதித்துப் பார்க்காமல், ஒரு கடிதம் எழுதாமல், மற்ற நிலங்களில் கண்ணை மூடி வீசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு வரி எழுதியிருக்கலாம். இடம் இருந்திச்சு."

"அந்த இடத்துல எழுத ஆரம்பிச்சா, நாளைக்கு முதலாளியும் அதுலதான் எழுதுவான். அது ஒங்களுக்கும் தெரியும்."

தேத்தண்ணி சொல்லி அனுப்பினார். வந்தது. அவர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைக் குடிக்காமல் எழும்பினேன். வாசல்வரை கூட வந்தார். மூலையில் சதுரம் சாத்தியிருந்தது. அதன் கயிறு ஒன்று தளர்ந்திருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் குனிந்து அதை இழுத்துக் கட்டினார். முதல் முடிச்சு நழுவியது. அதையும் சொல்லத்தான் வேண்டும், நழுவியது. ஆனால் அடுத்தது சரியாக விழுந்தது.

அவர் லஞ்சம் வாங்கியிருந்தால் எவ்வளவோ நல்லது. கெட்டவன் என்று காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். கெட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு சதம் வாங்காத, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஒரு சுத்தமான கை. அது கிடைத்தது. அந்தக் கைக்கு எழுதிக் கொடுத்தது நான். இத்தனை வருசத்துக்குப் பிறகும் இந்தக் கோபம் ஆறவில்லை. ஆறுவதை நான் விரும்பவுமில்லை.

அதே அலுவலகத்திலிருந்து எங்கள் லயத்துக்கு ஒரு பதில் வந்தது. நிலம் முறைப்படி சோதிக்கப்பட்டுத் தேறியது என்று அத்தாட்சி இருப்பதால் முதலாளியிடம் கேட்க ஒன்றுமில்லை. தோட்டமும் அதே அத்தாட்சியைக் காட்டியது. காணி இப்போது உங்களுடையது, பாதுகாப்பும் உங்களுடையது என்றார் கிளாக்கர் ஐயா, தரையைப் பார்த்துக்கொண்டு. சித்தி விழுந்ததைத் தவிர மற்ற ஐந்து குழிகள் இன்னும் வாயைத் திறக்காமல் கிடந்தன. பிள்ளைகள் நடமாடுகிற இடம்.

ஏழு குடும்பமும் சேர்ந்து மண் வாங்கின. கூலி இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கொட்டி நாங்களே மிதித்தோம். ஒவ்வொரு குழியும் நிரம்பியதும் பார்வதி அக்கா அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்ப்பாள். டிராக்டர் முப்பத்தெட்டு லோட், லோட் அறுநூற்றைம்பது. இருபத்து நாலாயிரத்து எழுநூறு ரூபாய். அதில் நாலாயிரத்து நூறு, சித்தியின் காதில் இருந்த தோட்டை விற்றது.